பன்னிரண்டு அங்குலக் கை

ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது திலீப் ஒரு வீர முடிவு எடுத்தான். நர்மதாவின் தையல் மெஷினை ஜன்னலோரத்திலிருந்து கிளப்பியே தீருவது!

வாயில் நுரை இருந்ததால் அதை உரக்கச் சொல்லவில்லை. கொப்பளித்த பிறகும் சொல்லவில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கிரேனில் அனாயாசமாகத் தூக்குகிறவன்தான். ஆனால் பெண்டாட்டியின் தையல் மெஷினை ஒரு முழம் நகர்த்த அவனுக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. கீழ்வீட்டு ராமதாஸைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் கை. திலீப்பின் ரெக்கார்டு பிளேயரில் முள்ளைத் தாங்குகிற கை ஒன்பது அங்குலம். முதல் பாட்டு தேனாக வரும். இசைத்தட்டின் நடுவை நெருங்க நெருங்கக் கரகரக்கும். கடைசிப் பாட்டில் பாடகி ‘சகியே’ என்றால் குக்கர் விசில் மாதிரி ‘ஸ்ஸ்ஸகியே’ என்று கேட்கும். பழைய பிளேயர் ரிப்பேர் செய்கிற ராமதாஸ், பன்னிரண்டு அங்குலக் கை வைத்து ஒரு புதுப் பெட்டி செய்து கொடுத்திருந்தான். பெட்டி சவப்பெட்டிக்குத் தம்பி மாதிரி இருந்தது. ராயபுரத்தில் பலகைத் தரை போட்ட அவர்களுடைய பழைய மாடி வீட்டில் அது உட்கார ஒரே இடம் ஜன்னலோரம்.

“இன்னாய்யா, காலங்காத்தால ஆள் கூட்டிகினு வந்துகீறே?” என்றாள் நர்மதா.

“நர்மு, கை நீளமா கீறது நல்லது மே.”

“கை நீளமா இருந்தா போலீசு புடிக்கும்.”

“அய்ய, பிளேயரு கை! பாக்டரில தட்டை வெட்டுற முள்ளு நேர்க்கோட்டுல போவும். நம்ம கை ஒரு எடத்துல நின்னுகினு வளைஞ்சு போவுது. குட்டைக் கைன்னா வளைவு ஜாஸ்தி, முள்ளு கோணிக்கும், உஸ்ஸுனு கத்தும். நீளக் கைன்னா வளைவு கம்மி, கோணலும் கம்மி.”

“அப்போ நீளத்துல கொறையே கெடையாதா?”

“கெடையவே கெடையாது!”

ராமதாஸுக்குப் பொய் வராது. “கனம் கொஞ்சம் ஜாஸ்தி அண்ணி. தரை அதிர்ந்தா முள்ளு குதி...”

திலீப் அவன் காலை மிதித்தான். நர்மதா அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் இரண்டு பிளேயரையும் வைத்து, அதே தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அவள் தலையாட்டினாள்.

“நெசந்தான். நீளக் கையில சகியே சகியேன்னே கேக்குது. மெஷினை உள்ள தூக்கி வெச்சுக்கோங்க.”

திலீப்புக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாதாட இன்னும் அரைமணி நேரத்துக்குச் சரக்கு வைத்திருந்தான். எல்லாம் வீணாய்ப் போயிற்று. இருவரும் மெஷினை உள்ளே தூக்கி வைத்தார்கள்.

“ரெண்டு பேரும் காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கிகினு வாங்க. அதுக்குள்ள எடத்தை நான் தொடைச்சு வெக்கறேன்” என்றாள்.

மீனோடு திரும்பினால் ஜன்னலோரம் பளபளவென்றிருந்தது. பெட்டிக்கு ஸ்டூல் தயார். திலீப்புக்கு நாற்காலிகூட எதிரே போட்டிருந்தாள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாட்டு ஆரம்பித்தது. திலீப் சொக்கிப்போய்க் காலால் தாளம் போட்டான். டக்! முள் இரண்டு வரி தாண்டி விழுந்தது.

“இன்னாடா ஆச்சு?”

“நீ ஆடாத மாமு” என்றான் ராமதாஸ்.

ஆடாமல் இருந்தான். தும்மல் வந்தது. டக்! காப்பி எடுக்க எழுந்தான். டக், டக்! தட்டில் ஒரு கீறலே விழுந்துவிட்டது. திலீப்புக்கு நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது.

நர்மதா சுவரோரமாய் நடந்து காட்டினாள். முள் அசையவில்லை. “தாசு, நீ இப்பிடிக்கா வா” என்று ராமதாஸையும் தன் பின்னாலேயே நடக்க வைத்தாள். அதற்கும் அசையவில்லை.

“உன் ஒடம்புதான்யா கனம்” என்றாள் வருத்தமாக. “பரவால்ல. மூச்சை மெதுவா வுட்டுகினு கேளு.”

“மூச்சு வுடாம எப்பிடிமே பாட்டு கேக்கறது? தட்டெல்லாம் நாசமாப் பூடும்!”

“வேற எங்க வெக்கிறது? கீழ தாசு வூட்டுல சிமிட்டித் தரை...” என்று இழுத்தாள். உடனே தலையை ஆட்டிக்கொண்டாள். “வேணாம்யா. ஆசைப்பட்டு வாங்கினே. இங்கயே கெடக்கட்டும்.”

“நர்மு, நான் சொல்றதைக் கேளு. அதைக் கீழ எறக்கிடலாம்.”

“எனக்கு இஷ்டமில்ல.”

“கெஞ்சிக் கேக்கறேன் மே!”

வெகுநேரம் கெஞ்ச வைத்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டாள். பெட்டியைத் திலீப்பும் ராமதாஸும் படியில் முக்கி முனகி இறக்கினார்கள். திலீப் தனியாளாய்த் தையல் மெஷினைத் தூக்கிவந்து ஜன்னலோரத்திலேயே வைத்தான். கீழே ராமதாஸ் வீட்டில் பாட்டு ஆரம்பித்து, முள் குதிக்காமல் ஓடியது. தான் எவ்வளவு புத்திசாலி என்று திலீப்புக்கே வியப்பாக இருந்தது.

மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டோமே என்று மறுபடி மாடி ஏறினான். நாற்காலி நகர்ந்திருந்தது. அது இருந்த இடத்திலிருந்து ஜன்னல்வரை ஓடுகிற மரப்பலகையின்மேல் நர்மதா மண்டியிட்டிருந்தாள். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

“இன்னாமே பண்றே?”

“காலைல கழட்டுன ஸ்க்ரூய்யா. திரும்ப மாட்டறேன். நீ போய்ப் பாட்டு கேளு.”