முதல் பாயசம் எது?

“ஒத்தப் பாயசந்தானாமே மக்கா? அப்பாக்கு என்னமும் கஷ்டமா?”

போனில் கேட்டது சொர்ணம்மாள் அத்தை. குரலில் அப்படி ஓர் இரக்கம். அந்த இரக்கத்தைக் கேட்டுத்தான் சுபிதாவுக்கு உச்சி கொதித்தது.

“யாரு அத்தை சொன்னா?”

“நீதான்ட்டீ சொல்லியிருக்க. அந்த லிங்கைத் தொறந்தா அஞ்சு பாயசத்துக்க பேரு கிடக்கு. ஒண்ணத் தொட்டா முந்தித் தொட்டது அழிஞ்சு போகுது. நம்ம குடும்பத்துல ஒத்தப் பாயசம் வச்சு எவனாவது பொண்ணு கட்டிக் குடுத்திருக்கானா?”

“அத்தை, அது முதல் பாயசம் எதுன்னு மட்டும் கேக்கியது. மத்த பாயசமும் உண்டு.”

“அத நீ சொல்லுக. லிங்கு சொல்லலியே!”

போன் வைக்கப்பட்டது. சுபிதா லேப்டாப்பை முறைத்தாள்.

தங்கையின் கல்யாணத்துக்காக ஆரல்வாய்மொழி வீட்டுக்கு வந்திருக்கிறாள் அவள். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் ஆன்லைன் கருத்துக்கணிப்புகள் தயாரிப்பதுதான் தொழில். எந்தக் கேள்விக்கு ஒன்றை மட்டும் தொடுகிற வட்டம், எதற்குப் பலதையும் தொடுகிற கட்டம், எதற்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் என்று தீர்மானிப்பதில் கம்பெனியில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

வீட்டிலோ பிரச்சினை பாயசம். விருந்தில் மூன்று பாயசம் உண்டு என்றாலும், பப்படமும் பழமும் சேர்த்துப் பிசைந்து ஊரே பேர் சொல்லிச் சாப்பிடுவது முதல் பாயசத்தைத்தான். அது அடைப்பிரதமனாக இருக்க வேண்டும் என்றாள் சொர்ணம்மாள் அத்தை. சிறுபயறு இல்லாவிட்டால் பந்தியில் உட்காரவே மாட்டேன் என்றார் பெரியப்பா. சித்தப்பாவுக்குப் பால் பாயசம். அப்பா பகவதியப்பன் யாரையும் பகைக்க முடியாமல் ஒரு வாரமாக மூன்று பேருக்கும் தலையாட்டிக்கொண்டு நடந்தார்.

“குடும்பத்துல எல்லாருக்கும் லிங்க் அனுப்பி ஓட்டு எடுப்போம்ப்பா. கேள்வியை ஒழுங்காக் கேட்டா பதிலும் ஒழுங்கா வரும்” என்று சுபிதாதான் சொன்னாள். அத்தை அங்கேயே இருந்தாள். சும்மா இருப்பாளா?

“கேள்வி கேக்கியதுக்கா மக்கா உனக்கு மாசாமாசம் சம்பளம் தாறான்? நான் நாப்பது வருசமா சும்மால்லா கேட்டுட்டு இருக்கேன்!”

அத்தனை பேரும் சிரித்தார்கள். பெற்ற தாய் தாணம்மாளும் சேர்ந்து சிரித்ததை சுபிதாவால் மறக்கவே முடியவில்லை. அப்பா மட்டும் சிரிக்காமல், “வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லீரு மக்கா. இல்லேன்னா பொறுப்ப அத்தைகிட்ட விட்டுருவேன்” என்றார். அன்றைக்கே இது பாயசப் பிரச்சினையாக இல்லாமல் போய்விட்டது. அவளுடைய மானப் பிரச்சினையாகிவிட்டது.

ஒத்தப் பாயசச் செய்தி மறுநாளே மாப்பிள்ளை ஊரான குழித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் மாமா போனில் அழைத்து, “பாயசத்துக்கு நாங்க வேணும்னா ஆளு அனுப்பட்டா?” என்று பணிவாகக் கேட்டார். அப்பா போனை வைத்துவிட்டுச் சுபிதாவைப் பார்த்த பார்வையில் வீடே கூசியது.

சுபிதா உடனே வட்டத்தை எடுத்துவிட்டுக் கட்டம் போட்டாள். பிடித்த பாயசங்களை எல்லாம் டிக் செய்யலாம். அதிகம் டிக் வாங்கியது முதல் பாயசம். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், “பிள்ளைக்க மானம் போகுது, எல்லாரும் நிரப்பீருங்கோ” என்று கெஞ்சிவிட்டு வந்தார்.

எல்லாரும் நிரப்பினார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் டிக் செய்திருந்தார்கள்! அடை, பால், சிறுபயறு, பலாச்சக்கை, சேமியா, ஒன்று விடவில்லை.

சேமியாவைப் பார்த்ததும் சுபிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது அவளுடைய தொழில் ரகசியம். படிக்காமல் கண்டதைத் தொடுகிறவர்களைக் கண்டுபிடிக்க, புத்தியுள்ள யாரும் தொடமாட்டாத ஒன்றைப் பட்டியலில் சேர்த்து வைப்பாள். நாஞ்சில் நாட்டுக் கல்யாணத்தில் முதல் பாயசமாகச் சேமியா வைக்கிறவன் அதற்குப் பிறகு ஊரில் தலை காட்ட முடியுமா?

“வேணும்னே செய்யாங்கம்மா. என்னைத் தோக்கடிக்கணும்னு கூடிப் பேசி வச்சிருக்காங்க” என்று அடுக்களையில் போய்க் கத்தினாள்.

“பாயசத்துக்கு எவளாவது சதி பண்ணுவாளா? தேங்காயைத் துருவு” என்றாள் தாணம்மாள்.

அதற்குள் சமையல்காரர் சுயம்புராஜ் போன் செய்தார். “அஞ்சு பாயசம்னு ஊரே பேசுகு. உருளி பத்தாதே, வாடகைக்குப் பாக்கட்டா?”

அப்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கோபத்தோடு கோபமாக, கல்யாண அழைப்பிதழுக்கு முகவரி பிரிண்ட் எடுக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜிஷாவின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள் சுபிதா. ரெண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஜிஷா அந்த ஊரின் பாதிக் காரியங்களைத் தன் கீபோர்டில் நடத்துகிறவள். சாதிச் சான்றோ பட்டாவோ, அவள் கை பட்ட மனு திரும்பி வந்ததில்லை. உள்ளே பெரியப்பா கால் மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சுபிதாவைக் கண்டதும் காலை இறக்கினார்.

“என்ன பெரியப்பா, இங்கன?”

“ஒரு... சர்ட்டிபிகேட்டு மக்கா. உனக்க பாயசக் கேள்விக்கு நானே பதில் போட்டாச்சு கேட்டியா? நானே!”

“எல்லாத்தையும் டிக் பண்ணியிருக்கீங்களே, நியாயமா?”

“ரகசிய ஓட்டுல்லா? அதக் கேக்கப்பிடாது” என்று பேப்பருக்குள் போய்விட்டார். ஜிஷா பிரிண்டை நீட்டினாள். அவளுக்கும் ஒரு அழைப்பிதழைக் கொடுத்து, “கண்டிப்பா வரணும்” என்றாள் சுபிதா. ஜிஷாவின் முகம் மலர்ந்துவிட்டது.

மூன்றாவது முறை மதிப்பெண். ஒவ்வொரு பாயசத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை. ‘ஐந்து என்றால் மிகவும் பிடிக்கும்’ என்று தடித்த எழுத்தில் போட்டாள்.

எல்லாப் பாயசத்துக்கும் எல்லாரும் ஐந்து!

“சேமியாவுக்கு அஞ்சா? நாக்கு இருக்கா இந்தக் குடும்பத்துக்கு?” என்று சுபிதா மேசையில் அடித்தாள். இதைக் கேட்கிறேன் என்று உறவுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். நானேதான் போட்டேன், எதைப் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். சித்தப்பா ஒருபடி மேலே போய், “ஓட்டுப் பெட்டிக்குள்ள கைய விடாதே” என்று அறிவுரை வேறு சொன்னார்.

சரி, எண்ணே வேண்டாம், மனதில் இருப்பதை எழுதட்டும் என்று நான்காவது முறை வெறும் கட்டம் ஒன்றைத் திறந்துவிட்டாள். ‘முதல் பாயசம் பற்றி உங்கள் கருத்து.’

துபாயில் இருக்கும் சித்தப்பா மகன்கள் இரண்டு பேருக்கு இந்தத் தடவைதான் லிங்க் போயிருந்தது; அவர்கள் மட்டும் அடைப்பிரதமன் என்று ஒழுங்காக எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் அத்தனை பேரும் ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருந்தார்கள்.

‘இல்லை.’

சுபிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. பொறந்தது முதல் பார்த்து வளர்ந்த முகங்கள். பாயசத்தைப் பற்றிப் பந்தியில் ஒரு மணி நேரம் தர்க்கம் பண்ணுகிற வாய்கள்! அவள் கேட்டால் மட்டும் ‘கருத்து இல்லை’யாம். எத்தனை கம்பெனிக்கு, எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பாள். முகம் தெரியாதவன்கூட இப்படி அவமானப்படுத்தியதில்லை.

வியாழக்கிழமை கடைசியாக ஒரு தடவை. மறுபடியும் பழைய வட்டம். மேலே பத்து வரி விளக்கம்: விருந்தில் மூன்று பாயசம் நிச்சயம் உண்டு, இந்தக் கேள்வி முதல் பாயசத்துக்கு மட்டுமே, ஒன்றை மட்டும் தொடவும், சண்டை போட வேண்டாம். அப்பா மறுபடி துண்டை உதறினார்.

வெள்ளிக்கிழமை மாலை குடும்பமே கூடத்தில் கூடியிருக்க, சுபிதா முடிவைத் திறந்தாள். வட்டப்படம் முழுவதும் ஒரே நிறம். துபாய்க்காரர்களின் கீற்று மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

சேமியா பாயசம்.

“சேமியாவா!” என்றார் பெரியப்பா. மற்றவர்களின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்தார். எல்லாரும் எல்லாரையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தை எழுந்து நின்றாள். “நான் அப்பமே சொன்னேன். இந்தக் கேள்விப் பிழைப்பு ஒரு பிழைப்பான்னு! பகவதி, பொறுப்ப இஞ்ச தா.”

சேமியாவைத் தொட்ட பதில் செல்லாது என்பது சுபிதாவே வகுத்த விதி. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் ‘பிழைப்பு’ என்ற சொல் காதில் விழுந்ததும் வேறு ஒரு சுபிதா பேசினாள்.

“எதுக்கு அத்தை தரணும்? வாய் ஒண்ணு சொல்லும், மனசு வேற சொல்லும். நாலு பேருக்கு முன்னால அடை, பால்னு பெருமைக்குச் சொல்லுவீங்க. ரகசியமாக் கேட்டா உண்மை வெளிய வரும். அத வெளிய கொண்டு வாறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்! சேமியா வேண்டாம்னு போட்டவங்க கையத் தூக்குங்க, பாப்போம்!”

ஒரு கையும் எழவில்லை. அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி உட்கார்ந்தாள். அப்பா சமையல்காரருக்குப் போன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, “சேமியா” என்றார்.

கல்யாணத்தன்று சேமியா பாயசம் முதலில் வந்தது. குடும்பமே ஆசைப்பட்டுக் கேட்டது என்று நினைத்து சுயம்புராஜ் உயிரைக் கொடுத்துக் கிண்டியிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் விரும்பித்தானே போட்டிருக்கிறார்கள், நாம் மட்டும் முகம் சுளிப்பானேன் என்று ஒவ்வொருவரும் இரண்டாவது தடவை வாங்கினார்கள். குழித்துறை மாமா, “இது புது மாதிரில்லா இருக்கு” என்று இலையை வழித்தார். பெரியப்பா பப்படத்தை நொறுக்கிப் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, சொர்ணம்மாள் அத்தை பக்கத்து இலைக்காரியிடம், “எனக்கு ஆதியிலேருந்தே இதுதான் இஷ்டம்” என்று சொன்னதை சுபிதா தன் இரண்டு காதாலும் கேட்டாள்.

அவள் தரையில் நடக்கவில்லை. ஆபீசில் இதை ஒரு வகுப்பாகவே எடுக்கலாம் என்று முடிவு செய்தாள். சரியான கேள்வி கேட்டால் ஒரு குடும்பத்தின் அடிமனதையே திறந்துவிடலாம்!

கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள் ஜிஷா. அவள் கண்ணெல்லாம் நிறைந்திருந்தது.

“சுபிதாக்கா, உங்க சொந்தக்காரங்க எல்லாரும் ஒவ்வொரு தடவையும் ‘என்னமும் போட்டுத் தா’ன்னு போனை எங்கிட்ட தந்துட்டு உக்காந்துருவாங்க. நானும் ஒரு கட்டம் விடாம நிரப்பினேன், மார்க்கு கேட்ட இடத்துல எல்லாத்துக்கும் அஞ்சு போட்டேன், கருத்துன்னு கேட்ட இடத்துல ‘இல்லை’ன்னு போட்டேன். கடைசியில ஒண்ணுதான் தொட முடியும்னு வந்துச்சா, எனக்கு இஷ்டமானதத் தொட்டேன். அதையே வச்சுட்டீங்களே, அக்கா!”