கம்ப்யூட்டருக்குக் கம்பளி போர்த்திய மாப்பிள்ளை

கல்யாணமாகி முதல் மூன்று மாதங்கள் ஓர் ஆணுக்கு மிகவும் ஆபத்தான காலம். மாமனார் வீட்டில் அவன் என்ன சொன்னாலும் "சரிங்க மாப்ள" என்பார்கள். ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள். நாலு விருந்து சாப்பிட்டதும் நமக்கு உண்மையிலேயே அறிவு கூடிவிட்டதாகத் தோன்ற ஆரம்பிக்கும். அந்த மூன்றாவது மாதத்தில்தான் என் கொழுந்தியாள் தாரணியின் ஒரு வருட உழைப்பை நான் ஒரே பகலில் இல்லாமல் ஆக்கினேன். இதைச் சிரிக்கச் சிரிக்க எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் இப்போதே காது சூடாகிறது.

முதலில் ஒரு பழைய பொய்யைச் சொல்லிவிட வேண்டும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் எனக்கு வேலை. வருகிற தக்காளிப் பெட்டிகளுக்குக் கம்ப்யூட்டரில் சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெண் பார்க்கப் போனபோது தரகர், "மாப்ள கம்ப்யூட்டர்ல வேலை பாக்குறாரு" என்றார். அது பொய்யில்லை. (கம்ப்யூட்டருக்கு முன்னால்தானே உட்காருகிறேன்!) மாமனார் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். நானும் திருத்தவில்லை. மண்டிக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் வந்து சரிசெய்வார். அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பது வரைதான் என் தொழில்நுட்ப அனுபவம். ஒருநாள் அவர் விண்டோஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தேன்.

மாமனார் ஊர் கொடைக்கானலுக்கும் மேலே இருக்கிறது. மலைப்பூண்டு விளைகிற ஊர். எடுத்த பூண்டைக் கட்டுக்கட்டாக வீட்டுக்குள்ளேயே தொங்கவிட்டு, அடுப்புப் புகையில் காயவைப்பார்கள். தாரணி எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில் இருந்தாள். அந்தப் பூண்டைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. புகையில் காய்ந்த பூண்டு எத்தனை வாரம் கெடாமல் இருக்கிறது என்று வாராவாரம் எடைபோட்டு, அளந்து, எல்லாவற்றையும் வீட்டு டெஸ்க்டாப்பில் ஏற்றிவைத்திருந்தாள். திங்கட்கிழமை கல்லூரியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. சனிக்கிழமை காலையில் நானும் என் மனைவி மேகலாவும் விருந்துக்குப் போய் இறங்கினோம். அன்றைக்குப் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

"மாமா, வெள்ளனே ஆன் பண்ணேன். படமெல்லாம் வந்துச்சு. ரெண்டே நிமிஷத்துல பட்டுன்னு அணைஞ்சிருச்சு. மறுபடி போட்டா கம்பெனி பேரு வர்றதோட போயிருது. இன்னிக்குப் பிரிண்ட் எடுத்தாகணும் மாமா" என்றாள் தாரணி. கண் கலங்கியிருந்தது.

"அதான் மாப்ள வந்துட்டாருல்ல? இனி அவரு சோலி அது. நீ ஏன்டி அழுகுற?" என்றார் மாமனார்.

அந்த நிமிடம் நான் "எனக்குத் தெரியாது மாமா" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தைகள். மாறாக, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எதற்குக் கழற்றினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நானும் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். கம்பெனி பெயர் வந்தது, புள்ளிகள் சுற்றின, அணைந்தது. மூன்று முறை அப்படியே. சி.பி.யூ. பெட்டியைத் தொட்டேன், ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்ததில் தகரம் சில்லென்று இருந்தது. மாமனாரின் பழைய ஜீப் ஞாபகம் வந்தது. குளிர் காலையில் சுடுதண்ணீர் ஊற்றினால்தான் அது கிளம்பும். எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"குளிர் ஏறியிருக்கு" என்றேன், நாடி பார்த்த டாக்டர் மாதிரி. "சூடு காட்டணும்."

மறுபேச்சு இல்லை. மாமனார் தன் கம்பளியைக் கொண்டுவந்து பெட்டிக்குப் போர்த்தினார். மாமியார் அடுப்பிலிருந்து கங்கு அள்ளி ஒரு சட்டியில் போட்டு மேசைக்கடியில் வைத்தார். பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து, பிள்ளை பெற்றவளைப் பார்க்க வந்தவர்கள்போல மெதுவாகப் பேசினார்கள். அரைமணி கழித்து ஆன் செய்தேன். இந்தமுறை கம்பெனி பெயரே முழுதாக வரவில்லை.

"மாமா, சூடாக சூடாகல்ல வெரசா அணையுது? காலைல குளுருல ரெண்டு நிமிஷம் ஓடுச்சே" என்றாள் தாரணி.

இந்தக் கதையில் அறிவோடு பேசப்பட்ட முதல் வாக்கியம் அதுதான். நான் சிரித்தேன். "இது பூண்டு ஆராய்ச்சி இல்லம்மா, கம்ப்யூட்டர்" என்றேன். மாமியார் உடனே, "மாமா சொல்றதக் கேளுடி, குறுக்க பேசிக்கிட்டு" என்று அவளை அதட்டினார். அவள் ஒதுங்கிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். ஒரு மனிதன் எவ்வளவு மட்டமாக நடந்துகொள்ள முடியும் என்று யாராவது கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

சாப்பிட உட்கார்ந்தோம். கோழிக்குழம்பு. கங்குச் சட்டியும் கம்பளியும் அதற்குள் ஆறிவிட்டன, பெட்டியும் ஆறிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்த தெம்பில் நான் சாவிக்கொத்தை எடுத்தேன்.

"விண்டோஸைப் புதுசா ஏத்திரலாம்" என்றேன்.

"என் ஃபைல் ஒண்ணும் போயிராதுல்ல மாமா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

எந்த இடத்தில் ஏற்றுவது என்று கேட்டுத் திரையில் நாலு வரி வந்தது. எந்த வரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் கேட்பதற்கு அந்த வீட்டில் என்னைவிடப் பெரிய நிபுணர் யாரும் இல்லை. நாலையும் அழித்தேன். புதிதாக ஏற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு பட்டென்று அணைந்தது. அடுத்தமுறை போட்டபோது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் வந்தது. அதை நான் உரக்க, நல்ல உச்சரிப்போடு வாசித்துக் காட்டினேன். மாமனார் தலையாட்டினார்.

வேறு வழியில்லாமல் ஜீப்பில் கொடைக்கானலுக்குப் போனோம். பெட்டியை அதே கம்பளியில் சுற்றித் தாரணி மடியில் வைத்துக்கொண்டாள். சர்வீஸ் கடையில் முப்பது வயதுப் பெண் ஒருவர் இருந்தார். பக்கத் தகட்டைக் கழற்றியதும் அவர் கை நின்றுவிட்டது. உள்ளே மின்விசிறி கண்ணுக்கே தெரியவில்லை. புகை படிந்த பூண்டுத் தோல் அதன்மேல் மெத்தைபோல அடைத்திருந்தது.

"இத எங்க வச்சிருந்தீங்க?"

"பூண்டுக்குக் கீழதான்மா கெடக்கு, ரெண்டு வருஷமா" என்றார் மாமனார்.

"காத்தே போகல. சூடு தாங்காம அணைஞ்சிருக்கு. துடைச்சா சரியாயிரும், பத்து நிமிஷ வேலை." துடைத்தார். ஆன் செய்தார். அணையவில்லை. அப்புறம் எதையோ பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உள்ள எல்லாத்தையும் அழிச்சிருக்கே. யாரு அழிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் மாமனார், "கரண்ட் போயிப் போயி வந்துச்சும்மா" என்றார்.

"கரண்ட் போனா இப்படி அழியாதுங்க. யாரோ உக்காந்து அழிச்சிருக்காங்க."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மேகலா தரையைப் பார்த்தாள். பிறகு தாரணி சொன்னாள்: "நாந்தான்கா. தெரியாம எதையோ அமுக்கிட்டேன்."

கடைக்காரப் பெண் அவளை ஐந்து நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். "படிச்ச பொண்ணுதானே? தெரியலன்னா தொடக்கூடாது. தெரிஞ்சவங்ககிட்ட கேக்கணும்." எனக்கு வரவேண்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் தலையாட்டினாள். நான் சுவரில் மாட்டியிருந்த பிரிண்டர் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். திறந்த வாயை எப்போது மூடினேன் என்று தெரியவில்லை.

அந்தப் பெண் ஏதேதோ செய்து சிலவற்றை மீட்டெடுத்தார். மீண்டு வந்தவை என் கல்யாண போட்டோக்கள் மட்டுமே. ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. எல்லாவற்றிலும் மாலையும் கழுத்துமாக நான் இளித்துக்கொண்டிருந்தேன்.

தாரணி அந்த வைவாவுக்குப் போகவில்லை. அடுத்த போகத்துப் பூண்டு எடுக்கும்வரை காத்திருந்து, திரும்பத் தொங்கவிட்டு, வாராவாரம் எடைபோட்டு, முதலிலிருந்து எழுதினாள். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பழனியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். எங்கள் வீட்டிலோ அன்றிலிருந்து குழம்பு அடிப்பிடித்தாலும், கண்ணாடி டம்ளர் உடைந்தாலும், யார் செய்தது என்று கேட்டால் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பதில் ஒன்றுதான்: "கரண்ட் போயிப் போயி வந்துச்சு." பத்து வருடமாக இதற்குச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

போன பொங்கலுக்கு மாமனார் வீட்டில் என் மகள், அலமாரியிலிருந்த தாரணியின் பைண்டிங் செய்த ஆய்வேட்டை எடுத்து, நன்றி சொல்லும் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள். இந்த ஆய்வை இரண்டு முறை செய்ய வாய்ப்பளித்த அக்கா கணவருக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"ஏன் சித்தி ரெண்டு தடவ?" என்றாள்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் கையிலிருந்த சோற்றை இலையில் போட்டேன். "அப்பாதான் பாப்பா அழிச்சேன். சித்தி இல்ல" என்றேன். அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.

மாமனார் இலையிலிருந்து நிமிராமலே, "மாப்ள சும்மா சொல்றாரும்மா. கரண்ட் போயிப் போயி வந்துச்சு" என்றார். வீடே சிரித்தது.

பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த தாரணி என் இலைக்கு முன்னால் குனிந்தாள். "இத அன்னிக்கு அந்தக் கடையில சொல்லியிருக்கலாம் மாமா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் தலையைத் தூக்க முடியவில்லை.