பிடரி எஞ்சினியர்

இன்று நெல்லியடியில் ஒரு பிடரி எஞ்சினியரைச் சந்தித்தேன். கையைக்கூடக் கழுவாமல் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியொரு பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? எங்கும் இல்லை. யாராவது குனிந்து வேலை செய்தால் போதும். கிணற்று மோட்டரைக் கழற்றுகிறவர், கூரைத் தகடு அடிக்கிறவர், ஒடுங்கிய ஒழுங்கைக்குள் வான் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிறவர், யாராக இருந்தாலும் சரி, அவருடைய பிடரிக்கு ஒரு சாண் பின்னால், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, வெற்றிலை வாசத்தோடு மூச்சு விட்டபடி ஒருவர் முளைப்பார். ஒரு ஸ்பானர் கொண்டுவர மாட்டார். வாய் மட்டும் கொண்டுவருவார். "உது உப்பிடி இல்லைத் தம்பி" என்று தொடங்குவார். எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "நீ செய், நான் சொல்லுறன்."

இன்றைய ஆளின் பெயர் கனகலிங்கம். பஸ் டிப்போவில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். என்ன வேலை என்று கேட்டேன். பஸ் வெளிக்கிடும் நேரம் எழுதும் வேலை.

இடம் சுபாஸ் அண்ணையின் லேத் பட்டறை. என் சைக்கிள் அச்சுக்கு ஒரு புஷ் வளையம் கடைவிக்கப் போயிருந்தேன். எனக்கு முதலே, குருநகரிலிருந்து வந்த கிறிஸ்ரினா அக்கா வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருடைய செயற்கைக் கால் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றது, நடுக்குழாய் இல்லாமல். பழைய இரும்புக் குழாய் பாரம். நண்டு பிரிக்கிற வேலையில் உப்புத்தண்ணீரில் நின்று நின்று துருவும் ஏறிவிட்டது. பிரான்சில் இருக்கும் தம்பி பிரகாஸ் வந்தபோது டைட்டேனியத்தில் ஒன்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பாரமில்லை, துருப்பிடிக்காது. ஆனால் குழாயின் சுவர் மெல்லிசு, நீளம் பதினெட்டு மில்லிமீற்றர் கூட. வெட்ட வேண்டும். வட்டம் கொஞ்சம் நெளிந்தாலும் காலின் பிடிக்குள் இறங்காது. இன்னொன்று வேண்டுமென்றால் தம்பி அடுத்த கோடைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

சுபாஸ் அண்ணை முதலில் பாலை மரத்தில் ஓர் உருளைக் கட்டையைக் கடைந்து, குழாய்க்குள் இறுக்கமாக இறக்கினார். வெளியே ஒரு பிளந்த அலுமினிய வளையம் போட்டு, லேத்தின் மூன்று இரும்புத் தாடைகளுக்கும் நடுவில் வைத்து, குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல மெல்லப் பிடிக்க வைத்தார்.

"இரும்புக்குள்ளை விறகு செருகிறான்" என்றார் கனகலிங்கம் எனக்கு. பிறகு பிடரிக்கு: "தம்பி, பிடி காணாது. இறுக்கு."

"ஓம் அண்ணை."

"பறந்தெண்டால் கூரையைத் துளைச்சுக்கொண்டு போகும். இன்னும் இறுக்கு."

"ஓம் அண்ணை."

கவனித்தீர்களா? சுபாஸ் அண்ணை ஒவ்வொரு முறையும் ஓம் சொன்னார், ஒருமுறையும் இறுக்கவில்லை. பிடரி எஞ்சினியர்களுக்கு எதிராகத் தொழிலாளர்கள் கண்டுபிடித்த ஒரே கவசம் அந்த ஓம்தான்.

அண்ணை கத்தியைத் தீட்ட அந்தப் பக்கம் திரும்பினார். தீட்டும் கல்லின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. கனகலிங்கம் முதுகிலிருந்த கைகளை அவிழ்த்தார். தாடையை இறுக்கும் திறப்பை எடுத்துச் செருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கால் சுற்று.

"ஐயா" என்றார் கிறிஸ்ரினா அக்கா. "அது என்ரை கால்."

சத்தமாகச் சொல்லவில்லை. தீட்டி முடிந்து கல் நின்ற நேரம், அண்ணைக்குக் கேட்டுவிட்டது. சுபாஸ் அண்ணை வந்து தாடையைத் தளர்த்தி, குழாயை வெளியே எடுத்து, விட்டமளக்கும் கருவியை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். அக்கா அண்ணையின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வட்டம் அப்பிடியே நிக்குது, பிள்ளை."

"அப்ப குழாய்க்காகத்தானே அண்ணை அந்தக் கட்டை?" என்று கேட்டேன்.

"குழாய் பாவம், அது என்ன செய்தது? கட்டை உவருக்கு" என்று கனகலிங்கத்தைக் கண்ணால் காட்டினார்.

மறுபடி பூட்டி வெட்டத் தொடங்கினார். இந்த உலோகத்துக்கு ஒரு குணம்: கத்தி தயங்கி உரசினால் அந்த இடம் கல்லாகிவிடும். மெதுவான சுற்று, நிறைய எண்ணெய், நிறுத்தாமல் ஒரே சீராக உள்ளே போக வேண்டும். கத்தி உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது "மெல்ல அண்ணை, கொஞ்சம் நிப்பாட்டிப் பாருங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. கனகலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார். குரல் என்னுடையது. நான் சுபாஸ் அண்ணையின் பிடரிக்கு ஒரு சாண் பின்னால் நின்றேன், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு.

"ஓம் தம்பி" என்றார் அண்ணை. நிறுத்தவில்லை. வெட்டுப்பட்ட வளையம் ஒன்று டிங் என்று தட்டில் விழுந்தது.

கட்டையைத் தட்டி எடுத்து, விளிம்பை அரம் போட்டுக் கொடுத்தார். குழாய் காலின் பிடிக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அக்கா காலை மாட்டிக்கொண்டு எழும்பி வாசல்வரை போய் வந்தார். பிறகு இன்னொரு முறை, இந்தமுறை கொஞ்சம் கெதியாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை.

"பாத்தியே?" என்றார் கனகலிங்கம். "நான் இறுக்கினபடியாத்தான் அசையாமல் நிண்டது."

"ஓம் ஐயா" என்றார் அக்கா.

இதை உங்களுக்குத் தெரிந்த பிடரி எஞ்சினியர்கள் எல்லோருக்கும் பகிருங்கள். ஒருவரும் நினைவுக்கு வரவில்லையா? சரி, 'டைட்டேனியத்தை அப்படி வெட்டக்கூடாது' என்று கீழே எழுத இப்போது விரல் துடிக்கிறதா? அப்படியென்றால் ஒருக்கால் சுபாஸ் அண்ணையின் பட்டறைக்குப் போய்வாருங்கள். பாலைக் கட்டை இன்னும் மேசையில்தான் இருக்கிறது.