மரநாய் கொண்டுபோன கார்டிகன்

"மரநாய் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சுங்க" என்றார் மினேகிஷி. சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு மட்டமான பொய் என்று அவருக்கே தெரிந்தது.

வாசலில் நின்ற இவாசே வெயில் குடையை மடக்கினார். ஊர்ப் பெண்களின் பின்னல் குழுவுக்குச் செயலாளர் அவர். இலையுதிர் காலத்தில் சமூகக் கூடத்தில் கண்காட்சி வைப்பார்கள். மினேகிஷியின் மனைவி சுமியே சாகும்போது பாதியில் விட்டுப்போன கம்பளிக் கார்டிகனை அதில் வைப்பதற்காகக் கேட்டு வந்திருந்தார்.

"மரநாயா? கார்டிகனையா?"

"ஆமாங்க. அத்திப்பழம் தின்ன வரும். வந்த இடத்துல அப்படியே..."

"பழம் தின்ன வர்றது கம்பளியை வச்சுக்கிட்டு என்னண்ணே பண்ணும்? அதுவும் இந்த ஆகஸ்ட் வெயில்ல?"

"அதான் எனக்கும் புரியலை" என்றார் மினேகிஷி. அன்று அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

இவாசேயின் கண் கலங்கியது. "சுமியேவோட கடைசி வேலை. அதைப் போய் ஒரு மிருகத்துக்கு விட்டுடுறதா? நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நாளைக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து தேடிடுறேன்."

மினேகிஷி அப்போதிலிருந்து கவலைப்பட ஆரம்பித்தார்.

கார்டிகன் உள்ளறையில், சுமியேயின் படம் வைத்த மாடத்துக்குக் கீழே, துணிப்பைக்குள் பத்திரமாக இருந்தது. அதைக் கொடுக்க முடியாததற்கு ஒரே காரணம், அதைப் பின்னியது சுமியே இல்லை, மினேகிஷி.

ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர் அவர். வாலிபத்தில் கால் முறிந்து மருத்துவமனையில் கிடந்தபோது, அவருடைய புலம்பல் தாங்காமல் ஒரு நர்ஸ் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்று பிடித்த பழக்கம் விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, மாலையானால் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு அவர் பின்னுவார். சுமியே பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் புத்தகம் படிப்பாள். அவளுக்குச் சட்டைப் பித்தானைக்கூட ஒழுங்காகத் தைக்க வராது.

ஒரு குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரி, "இந்த ஸ்வெட்டர் யார் பின்னினது?" என்று கேட்டாள். மினேகிஷியின் முகம் சிவப்பதற்குள், "நான்தான்" என்றாள் சுமியே. தண்டவாளக் கூட்டத்துக்கு விஷயம் தெரிந்திருந்தால் அவரை ஓய்வு பெறும்வரை 'அக்கா' என்றே கூப்பிட்டிருப்பார்கள். அந்த ஒரு சொல்லால் அவர் தப்பித்தார். சுமியே மாட்டிக்கொண்டாள். பின்னல் குழு அவளை அழைத்தது. வியாழக்கிழமைதோறும் கணவன் பின்னியதைப் பையில் போட்டுக்கொண்டு அவள் போய்வந்தாள்.

"அங்க உக்காந்து என்னதான் பண்றே?" என்று ஒருமுறை கேட்டார்.

"பேசறேன். பேசிக்கிட்டே இருந்தா யாரும் கையைப் பார்க்க மாட்டாங்க."

போன குளிர்காலத்தில் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. எப்போதும் குளிர்கிறது என்றாள். பாசி நிறத்தில் அவளுக்காக அந்தக் கார்டிகனைத் தொடங்கினார். அவள் குழுவுக்குக் கடைசியாகப் போன அன்று முதுகுப்பக்கம் மட்டும்தான் முடிந்திருந்தது. அதன்பிறகு அவளால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இவாசேதான் மதியங்களில் வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போவார். அப்படியிருக்க, பைக்குள் இருந்த கார்டிகனில் இப்போது முன்பக்கங்கள் இரண்டும் இருந்தன, ஒரு கை முழுதாக இருந்தது, இன்னொரு கை பாதி ஊசியில் நின்றது. இவாசே ஒரு தடவை பார்த்தால் போதும். சுமியே இத்தனை வருஷமும் ஊரை ஏமாற்றியவள் என்றாகிவிடும். பதில் சொல்ல அவளும் இல்லை.

பிரித்துவிட்டிருக்கலாம். ஆனால் அந்த வரிசைகளெல்லாம் தலையணையில் சாய்த்து வைத்த புத்தகத்தை அவள் படுக்கையில் கிடந்து படிக்கப் படிக்க அவர் பின்னியவை. ஒரு சாயங்காலம் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தி, "கொஞ்சம் தூங்கிட்டு மிச்சத்தைப் படிக்கிறேன்" என்றாள். அவரும் வரிசையின் நடுவில் ஊசியை நிறுத்தினார். அதற்குப் பிறகு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்துவிட்டார். வானொலியைப் போட்டுப் பார்த்தார். தானே படித்தும் பார்த்தார். கை நகரவில்லை.

வருகிறவர்கள் முதலில் மாடத்தின் முன்னால் மண்டியிட்டு ஊதுவத்தி ஏற்றுவார்கள். எனவே பையைத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றினார்.

மறுநாள் இவாசேயோடு குழுவின் மூத்த உறுப்பினர் ஹனவா வந்தார். காது மந்தம். எங்கே போனாலும் நூலகத்துப் புத்தகம் ஒன்றோடு மூலையில் உட்கார்ந்துவிடுவார். கூடவே குடியிருப்போர் சங்கத் தலைவர் குரோகி, பெரிய கூண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு.

சிள்வண்டுகள் கத்தின. குரோகி தக்காளிச் செடிகளை மிதித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். ஒரு தேரையைக் கண்டுபிடித்தார். ஓணான் ஒன்றைத் துரத்தினார். கொட்டகைக் கதவில் கை வைத்தார்.

"அங்க பாம்பு இருக்கு!" என்றார் மினேகிஷி.

"என்ன பாம்பு?"

"பெரிசு."

இவாசே இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "உங்க தோட்டத்துல இல்லாத மிருகம்னு ஏதாவது இருக்காண்ணே? முன்னாடியே சொல்லிட்டா டிக்கெட் வாங்கிக்கிட்டு வருவோம்ல."

குரோகிக்கு உற்சாகம் தாங்கவில்லை. "வீட்ல பாம்பு பிடிக்கிற இடுக்கி இருக்கு. நாளைக்குக் காலையில வந்துடுறேன். நீங்க அதுவரைக்கும் உள்ள போகாதீங்க, மினேகிஷி."

அவர்கள் போனதும் மினேகிஷி முதல் வேலையாக உள்ளே போனார். பையை எடுத்து வந்து, வீட்டுத் தரைக்கு அடியில் காற்றுப் போக விட்டிருக்கும் சந்துக்குள் தள்ளினார். மரநாய்களுக்கு அந்தச் சந்து நடைபாதை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

காலையில் பை அந்தச் சந்தின் வாசலிலேயே கிழிந்து கிடந்தது. பாசி நிற நூல் ஒன்று தக்காளிக் கொம்புகளைச் சுற்றி, அத்திமரத்தில் ஏறி, கொட்டகைக் கூரைக்குள் போய் மறைந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது குரோகி இடுக்கியோடு வந்து சேர்ந்தார்.

"குரோகி! மரநாய்... கார்டிகனை மரநாய் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு!"

"அதான் முந்தாநாளே சொல்லிட்டீங்களே" என்றார் குரோகி.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். அவர் குரல் கூரைக்கு அடியிலிருந்து வந்தது. "கிடைச்சிடுச்சு. ஆனா எடுக்க முடியாது. குட்டி போட்டிருக்கு. உங்க கார்டிகன் மேலதான் தூங்குதுங்க. ஜம்முனு இருக்கு."

"எடுத்துக் குடுங்க."

"குட்டியோட இருக்கிற காட்டு மிருகத்தைத் தொடணும்னா நகராட்சி அனுமதி வேணும். எழுதிப் போட்டா அனுமதி வர்றதுக்குள்ள இதுங்களுக்குக் கல்யாண வயசு வந்துடும்."

இறங்கும்போது அத்திக்கிளையில் சிக்கியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பாதிக் கை. ஊசி இன்னும் அதிலேயே இருந்தது. நூல் கண்ணிகள் சில நழுவியிருந்தன.

மினேகிஷி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். குளிருது குளிருது என்று சொன்னவளுக்காகத் தொடங்கியது. அவளுக்கு அதை ஒருநாள்கூடப் போட்டுவிட முடியவில்லை. இப்போது கொளுத்தும் வெயிலில் மரநாய்க் குட்டிகள் அதன்மேல் கதகதப்பாகப் படுத்திருந்தன. அவருக்கு வந்த அழுகையை ஒரு பொய்யும் சொல்லி மறைக்க முடியவில்லை. குரோகி இடுக்கியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "மரநாய்க்குக்கூட நல்ல பின்னல் எதுன்னு தெரியுது பாருங்க" என்றார்.

அன்று மதியம் இவாசே அந்தப் பாதிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மினேகிஷி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். கடைசியில் இவாசே சொன்னது அவர் எதிர்பார்க்காத ஒன்று.

"இது ஒண்ணாவது கண்காட்சிக்குப் போகணும். நீங்கதான் முடிக்கணும்ணே."

"நானா? எனக்கு ஊசியை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது!"

"நாங்க எதுக்கு இருக்கோம்? சொல்லித் தர்றோம்."

மறுக்க வழியில்லை. வியாழக்கிழமை குழு அவர் வீட்டுக்கே வந்தது. பார்லித் தண்ணீர், உப்பிட்ட வெள்ளரிக்காய் எல்லாம் எடுத்து வைத்தார். ஹனவா மூலையில் புத்தகத்தைப் பிரித்தார். மினேகிஷி ஊசியைச் சாப்பாட்டுக் குச்சிபோலப் பிடித்துக்கொண்டார்.

தெரியாத மாதிரிப் பின்னுவது, தெரிந்து பின்னுவதைவிடக் கஷ்டம். ஒரு கண்ணியைத் தவறவிட வேண்டுமென்றால் விரல்களோடு சண்டை போடவேண்டியிருந்தது. அவருக்கு வியர்த்து ஊற்றியது.

"நூலை மேல போடுங்க. மேலண்ணே! அது கீழ."

"இப்படியா?"

"அது உங்க விரலு. விரலைச் சேர்த்துப் பின்னிட்டீங்க."

"ஆம்பளைக் கை, வேற எப்படி இருக்கும்" என்றார் மினேகிஷி, கவனமாக இன்னொரு கண்ணியைக் கெடுத்தபடி.

"அதுவும் சரிதான்" என்றார் இவாசே. சிரிப்பை அடக்குகிறாரா, அழுகையை அடக்குகிறாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. இவ்வளவு மோசமாகப் பின்னுகிறோமா என்று மினேகிஷிக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

அப்போது மூலையிலிருந்து ஹனவா உரக்கப் படிக்க ஆரம்பித்தார். காது மந்தமானவர் என்பதால் அடுத்த தெருவுக்கே கேட்கும்படி படித்தார். ஏதோ துப்பறியும் கதை. கடைசி ரயிலிலிருந்து ஒரு பெண் இறங்குகிறாள். நிலையத்தில் யாரும் இல்லை. நனைந்த நடைமேடையில் யாருடைய செருப்போ ஒன்று கிடக்கிறது. அவள் குனிந்து அதை எடுக்கிறாள்.

மினேகிஷி கேட்டுக்கொண்டிருந்தார். செருப்பு யாருடையது என்று தெரியவேண்டும்போல் இருந்தது. சுமியேவாக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்தி, யார் கொலைகாரன் என்று சொல்லச் சொல்லி அவரை வம்புக்கு இழுத்திருப்பாள். அவள் ஞாபகத்தோடு கேட்டுக்கொண்டேயிருந்தார். சிள்வண்டுச் சத்தம் தேய்ந்தது. கதையில் விடிந்தது. போலீஸ்காரர் வந்தார். அந்தப் பெண் பொய் சொன்னாள்.

ஹனவா படிப்பதை நிறுத்தினார்.

மினேகிஷி குனிந்து பார்த்தார். நழுவிய கண்ணிகள் எல்லாம் ஏறியிருந்தன. அவர் வேண்டுமென்றே கெடுத்தவையும் சரியாகியிருந்தன. கை முழங்கையைத் தாண்டி, மணிக்கட்டுவரை, ஒரு பிசிறு இல்லாமல் இறங்கியிருந்தது. பெண்கள் எல்லோரும் தங்கள் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மினேகிஷியின் காது நுனிவரை சிவந்தது.

"சுமியேதான்..." என்றார். "சுமியேதான் எனக்குச் சொல்லிக் குடுத்தா. ரொம்பப் பொறுமையா. அவ கை மாதிரி யாருக்கும் வராதுங்க. இதெல்லாம் அவகிட்டப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்."

இவாசே முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஹனவா, விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்: "தனக்கு ஒரு கண்ணிகூடப் போடத் தெரியாதுன்னு சுமியே வந்த முதல் வியாழக்கிழமையே எங்ககிட்டச் சொல்லிட்டா தம்பி, உங்க வேலையைப் புகழ்ந்து பேசுறதுக்கு அவளுக்கு வேற இடம் இல்லைன்னுதான் இத்தனை வருஷமும் வந்தா."