வேலிக்குக் கீழால் வந்த விண்ணப்பதாரர்

முயல்கள் மீது மனித குலம் வைத்திருக்கும் அன்புக்கு ஈடு இணை கிடையாது. நம்பாதவர்கள், ஜேர்மனியின் பான் நகருக்குப் பக்கத்திலுள்ள ஒரு சின்ன ஊரின் நகரசபை அனுப்பிய கடிதத்தை வாசிக்கலாம்.

"காட்டு முயல்கள் மயானத்தையும் உதைபந்தாட்டத் திடலையும் தோண்டிவிட்டபடியால், வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவற்றுக்கிடையில் முயல்கொல்லி வைரஸ் விடப்படும். வீட்டு முயல் வைத்திருப்போர் அதற்கு முன் தங்கள் முயல்களுக்குத் தடுப்பூசி போடுவிக்கவும். நட்பார்ந்த வணக்கங்களுடன்."

சந்திரகாந்தி இந்தக் கடிதத்தைச் சமையலறையில் நின்று மூன்று தரம் வாசித்தாள். மகள் கவிசாவின் முயல் ஃப்ளோக்கி அவள் காலடியில் கரட் தோலைக் கொறித்துக்கொண்டிருந்தது. மிருக வைத்தியரின் கிளினிக்குக்கு உடனே போன் எடுத்தாள். மூன்று கிழமைக்குப் பிறகுதான் டெர்மின், அதாவது வைத்தியரைப் பார்க்க நேரம், இருந்தது.

"அம்மா, வைரஸ் மூண்டு கிழமை பாத்துக்கொண்டு நிக்குமோ?" என்று கேட்டாள் ஒன்பது வயதுக் கவிசா.

"அதுக்குத் திங்கட்கிழமையே டெர்மின் குடுத்திட்டினம், பிள்ளை."

இந்த இக்கட்டில் சமூகத்தைக் காக்க எழுந்தவர் தம்பித்துரை அண்ணை. ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடங்களாகத் 'தற்காலிகத்' தலைவர். நகரசபையோடு பேசி, சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு மிருக வைத்தியரைச் சங்க மண்டபத்துக்கே வரவழைத்துவிட்டார். சங்கம் பதிந்து சீல் குத்திய வீட்டு முயல்களுக்கு ஊசி இலவசம். இதோடு நின்றிருந்தால் அவர் வெறும் நல்ல மனிதர். ஆனால் அவர் 'வீட்டு முயல் பாதுகாப்புப் பேரவை' ஒன்றையும் அமைத்தார். பதினேழு முயல்களுக்குப் பத்தொன்பது நிர்வாகிகள். இரண்டு பேருக்கு முயல் போதவில்லை.

சனிக்கிழமை காலை வைத்தியர் அம்மா குளிர்ப்பெட்டியோடு சரியாகப் பத்து மணிக்கு வந்தார். அதனால் ஒரு மணி நேரம் தனியாக இருந்தார். பிறகு மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஊசி, நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது.

"முயல்கள் எப்போது?" என்று வைத்தியர் ஜேர்மன் மொழியில் கேட்டார்.

"இன்னும் ரெண்டே ரெண்டு பேச்சு," என்று செயலாளர் கலாதேவி அதே மொழியில் ஆறுதல் சொல்லி, அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

பதினொன்றரைக்குத்தான் பதிவு மேசை திறந்தது. தம்பித்துரை அண்ணை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முயலையும் கடவுச்சீட்டு அதிகாரி போல உற்றுப் பார்த்தார். ஃப்ளோக்கியின் முறை வந்ததும் பேனையைக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, இதின்ர நிறமும் காதும் சரியில்லையே. எங்க வாங்கினனீங்கள்?"

"வாங்கேல்லை, அண்ணை. குட்டியா இருக்கேக்க ஒரு மழை நாள் எங்கட தோட்டத்துக்கை வந்தது. கவிசாதான் போத்தில்ல பால் குடுத்து வளத்தவள்."

"எதுக்குள்ளால வந்தது?"

"வேலிக்குக் கீழால."

தம்பித்துரை அண்ணை பெருமூச்சு விட்டார். "அப்ப இது காட்டு முயல். பேரவைச் சட்டத்தில இதைப் பதிய ஏலாது."

"ஒரு வருசமா வீட்டுக்கைதானே இருக்குது, அண்ணை!"

"இருக்கிறது வேற, இருக்க உரிமை இருக்கிறது வேற."

"உயிர் இருக்குதே?"

"உயிர் இருக்குது, தங்கச்சி. ஆதாரம் இல்லை."

கவிசா முயலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு விம்மத் தொடங்கினாள். வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். பட்டியலில் பெயர் இருந்தால் எந்த முயலுக்கும் போடுவேன், இல்லாவிட்டால் முடியாது, மன்னிக்கவும் என்றார்.

சந்திரகாந்தி ஒரு வெற்றுப் படிவத்தை இழுத்து, மேசையில் குனிந்து மளமளவென்று நிரப்பி நீட்டினாள். தம்பித்துரை அண்ணை தலைவருக்குரிய குரலில் வாசித்தார்.

"பிறந்த திகதி: தெரியாது. பெற்றோர்: எங்கே என்று தெரியாது. வந்த வழி: வேலிக்குக் கீழால். ஆவணங்கள்: ஒன்றுமில்லை. திரும்பிப் போனால்: உயிருக்கு ஆபத்து." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன தங்கச்சி இது? இப்பிடி எழுதினால் ஆர் சீல் குத்துவினம்?"

"எனக்குக் குத்தினவை, அண்ணை."

"என்ன?"

"ரெண்டாயிரத்தோராம் ஆண்டு என்ர அகதி விண்ணப்பம் இப்பிடித்தான் இருந்தது. எனக்கு ஒரு சொல் ஜேர்மன் தெரியாது. பக்கத்தில இருந்து எழுதித் தந்தது நீங்கள். 'பயப்பிடாதை தங்கச்சி, நானும் இப்பிடித்தான் வந்தனான், உண்மையைத்தானே எழுதுறம்' எண்டு சொன்னனீங்கள்."

தம்பித்துரை அண்ணை சீலை எடுத்தார். இரண்டு தரம் குத்தினார். முதல் தரம் மங்கலாக விழுந்துவிட்டதாம். சீல் நன்றாகத்தான் விழுந்திருந்தது; மங்கியிருந்தது அவருடைய கண்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்க, ஃப்ளோக்கிக்கு ஊசி போடப்பட்டது. கவிசா வைத்தியரின் கன்னத்தில் கொஞ்சினாள். வைத்தியர் பொன்னாடையோடே காரில் ஏறிப் போனார்.

பேரவையின் மாண்பு அத்தோடு முடியவில்லை. நன்றியுரைக்கு முன் கலாதேவி அவசரமாக எழுந்தார். ஒன்றுக்கு இரங்கினால் நாளைக்கு ஒன்பது வந்து நிற்கும் என்றார். "இனிமேல் ஆவணம் இல்லாத, வேலிக்குக் கீழால் வரும் முயல்கள் பதியப்படமாட்டா" என்ற தீர்மானத்தை முன்மொழிந்தார். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வழிமொழிந்தார். பலத்த கரகோஷத்துக்கு நடுவே தீர்மானம் நிறைவேறியது.

சந்திரகாந்தியின் இரண்டு கைகளிலும் ஃப்ளோக்கி இருந்தது. அவள் கை தூக்கவில்லை. தூக்கிய நாற்பத்தொரு பேரில், இந்த நாட்டுக்குள் வாசல் வழியாக வந்தவர் ஒருவர்கூட இல்லை.