சோபாவில் ஜெயித்தவர்

விளையாடுகிறவர்கள் ஒரு ரகம், விளையாட்டைப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது, ஐயா. சனிக்கிழமை காலை பல் துலக்கிய கையோடு சோபாவில் சாய்ந்து, ஞாயிறு சாயங்காலத்துக்குள் இரண்டு உலகக் கோப்பை, ஒரு குத்துச்சண்டைப் பட்டம், மூன்று காதல் கல்யாணம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, திங்கட்கிழமை இடுப்பு பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவிக்கொண்டு வேலைக்குப் போகிறவர். இவரை உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் இருப்பார், இல்லையென்றால் பக்கத்து மேஜையில் இருப்பார். எனக்கு இன்னும் நெருக்கம். என் தங்கையைக் கட்டியவர்.

மாப்பிள்ளைக்குக் குழாய்க் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. அங்கே அவருக்கு ‘கிளைமாக்ஸ்’ என்று பெயர். லாரி கால் மணி நேரம் தாமதமாக வந்தால் போதும், சுமை இறக்குகிறவர்களை வரிசையாக நிறுத்தி, “விழுறது தப்பில்லப்பா, எந்திரிக்காம இருக்குறதுதான் தப்பு” என்று கண் கலங்கப் பேசுவார். அவர்கள் பாவம், காலையிலிருந்து நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள்.

அவருடைய வாராந்திரப் பட்டியல் எளிமையானது. ஒரு வீரர் கதை, ஒரு காதல் கதை, மறுபடி ஒரு வீரர், மறுபடி ஒரு காதல். கேட்டால், “ஒண்ணு ஓட்டம், ஒண்ணு ஓடிப்போறது. வாழ்க்கைன்னா ரெண்டும் வேணும் மச்சான்” என்பார். நீச்சல் படம் என்றால் கதாநாயகன் தலையை வெளியே எடுக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வார். நீளம் தாண்டுதல் என்றால் சோபாவிலேயே காலைத் தூக்கி, எதிரில் இருக்கிற முறுக்குத் தட்டையும் சேர்த்துத் தாண்டுவார். எந்த நாட்டுக் கொடி ஏறினாலும் எழுந்து நிற்பார். காதலன் ரயில் நிலையத்தில் ஓடுகிற காட்சி வந்துவிட்டதா? துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, “போயிடாதம்மா, வந்துட்டான், இதோ வந்துட்டான்!” என்று விசும்புவார். இவர் என் தங்கையை ரயில் ஏற்றிவிட ஒரு தடவையாவது போயிருக்கிறாரா என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். நிலையத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காதாம்.

ஒரே ஒரு காட்சி மட்டும் அவருக்கு ஆகாது. பயிற்சிக் காட்சி. கதாநாயகன் விடியற்காலையில் எழுந்து கயிறு தாண்ட ஆரம்பித்தானோ இல்லையோ, “சரி, டீ போட்டுட்டு வந்துடலாம்” என்று எழுந்துவிடுவார். டம்ளரோடு திரும்பி வருகிறபோது அங்கே கோப்பை கையில் இருக்கும். இப்படியே இருபது வருஷமாகப் பார்த்ததில், தோல்விக்கும் கோப்பைக்கும் நடுவே ஒரு டீ குடிக்கிற நேரம்தான் இருக்கிறது என்று மனப்பூர்வமாக நம்புகிறார். பயிற்சி என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குக் செவிவழிச் செய்திதான்.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தபால் ஆபீசில் கவுண்டரில் உட்காருகிறாள். வயது நாற்பதுக்கு இரண்டு குறைவு. பள்ளிக்கூடத்தில் பேட்மிண்டன் ஆடியவள், கல்யாணத்துக்குப் பிறகு மட்டையைப் பரணில் போட்டுவிட்டு, போன வருஷம்தான் தூசி தட்டி எடுத்தாள். தபால் ஊழியர் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, நாலு மாதமாக வீட்டுப் பின்பக்கச் சுவரோடு தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். டொக், டொக், டொக். வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம், வந்தபின் ஒரு மணி நேரம். அந்தச் சத்தத்துக்கு மாப்பிள்ளை காட்டிய ஆதரவு என்ன தெரியுமா? “கொஞ்சம் மெதுவா அடியேன், வசனம் கேக்கல.”

அவள் அடித்து அடித்தே இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி, நடந்தால் கால் மணி நேரத்தில் போகக்கூடிய உள்ளரங்கம். அவளுக்கு வாழ்க்கையில் முதல் ஃபைனல். “நீங்க ரெண்டு பேரும் வந்து உக்காந்தா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்” என்று அவரிடமும் என்னிடமும் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை மார்பைத் தட்டினார். “என்ன பேச்சு பேசுற? முத ஆளா வந்து நிப்பேன்!”

ஞாயிறு மூன்று மணிக்கு, நானும் மாப்பிள்ளையும் சோபாவில் சாய்ந்திருக்க, அவள் ஷூ மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“கிளம்பறேங்க.”

“கொஞ்சம் தள்ளிக்க. அவளுக்குக் கால்ல அடிபட்டுடுச்சு.”

“யாருக்கு?”

“ஓட்டக்காரிக்கு. டாக்டர் இனிமே ஓடவே கூடாதுங்கறார்.”

என் தங்கை டிவியைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். “பிளாஸ்க்ல டீ வெச்சிருக்கேன். நேரத்துக்கு வந்துடுங்க.”

“இன்னும் இருபது நிமிஷம்தான், முடிஞ்சதும் வந்துடறோம்!” என்று சோபாவிலிருந்து பதில் போனது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நாங்கள் ஒலியை இரண்டு புள்ளி கூட்டினோம்.

படம் முடிந்தது. முடிந்த கையோடு அடுத்த படம் தானாகவே ஓட ஆரம்பித்தது. ரிமோட் எந்தக் குஷனுக்கு அடியில் இருக்கிறது என்று யார் எழுந்து தேடுவது? இது ஒரு டென்னிஸ் பெண்ணின் கதை. தோற்றாள், அழுதாள், பயிற்சிக் காட்சி வந்தது. வழக்கம்போல மாப்பிள்ளை கையை ஊன்றி எழப் பார்த்தார். டீதான் பிளாஸ்கில் தயாராக இருக்கிறதே! மறுபடி உட்கார்ந்துவிட்டார். பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு பயிற்சிக் காட்சியை முழுசாகப் பார்த்தார்.

அந்தப் பெண் ஒரு சுவரில் பந்தை அடித்தாள். டொக், டொக், டொக். வெயிலிலும் அடித்தாள், மழையிலும் அடித்தாள்.

மாப்பிள்ளைக்குக் கண்ணீர் தாரைதாரையாக வந்துவிட்டது. “என்ன வீடு மச்சான் இது! ஒத்தப் பொண்ணு தனியாக் கெடந்து அடிச்சுக்கிட்டிருக்கு. ஒரு ஆளாவது ஏறெடுத்துப் பாக்கறானா? மனுசங்களா இவங்க?”

டொக், டொக் என்று டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. இருவரும் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தோம். நாலரை.

“ஐயையோ!”

அடுத்து நடந்ததை இருபது வருஷக் காதல் படங்களின் பலன் என்றுதான் சொல்ல வேண்டும். மனிதர் வீட்டு அரைக்கால் சட்டையோடு, ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு என்று மாட்டிக்கொண்டு தெருவில் பாய்ந்தார். கைகளை விரித்துக்கொண்டு ஓடினார். முதல் மின்கம்பம்வரை நன்றாகவே ஓடினார். இரண்டாவது மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “மச்சான், ஒரு வண்டி புடிங்க” என்றார்.

“சீக்கிரம் போங்க, என் சம்சாரம்...” என்று அவர் மூச்சு வாங்க, ஆட்டோ ஓட்டுநர் பதறிவிட்டார்.

“பிரசவமா சார்?”

“இல்லப்பா, ஃபைனல்!”

அரங்கத்துக்குள் நுழைந்தபோது, ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, கடைசியான மூன்றாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிரே இருந்தவள் என் தங்கையைவிடப் பத்து வயது சின்னவள். புள்ளிக் கணக்கில் என் தங்கை பதினேழு, அவள் பத்தொன்பது. இருபத்தொன்று எடுத்தால் கோப்பை. தங்கை சர்வீஸ் போடக் கையை எடுத்த அந்த வினாடி, மாப்பிள்ளை பெஞ்சு மேல் ஏறி நின்று, அரங்கமே அதிர, “நீ தனியா இல்லம்மா!” என்று கத்தினார்.

இறகுப்பந்து வலையில் போய் விழுந்தது. பதினேழு, இருபது. இன்னும் ஒரே ஒரு புள்ளி போனால் எல்லாம் போச்சு.

நடுவர் இவரைப் பார்த்து விரலை நீட்டினார். என் தங்கையும் திரும்பிப் பார்த்தாள். அரைக்கால் சட்டை, ஜோடி மாறிய செருப்பு, கண்ணீர் வழிகிற முகம். படமாயிருந்தால் இங்கே வயலின் ஒலிக்கும். அவள் உதட்டில் விரலை வைத்து, உட்காரச் சொல்லிச் சைகை காட்டினாள். அவர் உட்கார்ந்தார். நான் முன்னெச்சரிக்கையாக அவர் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பின்பக்கச் சுவரில் நாலு மாதம் அடித்த அதே அடிதான். டொக். பதினெட்டு. டொக். பத்தொன்பது. என் கைக்குள் மாப்பிள்ளையின் வாய் படபடத்தது. இருபதுக்கு இருபது. சமமாகிவிட்டால் இரண்டு புள்ளி முந்தினால்தான் கோப்பை. இருபத்தொன்று. இருபத்திரண்டு!

அடேயப்பா, நாங்கள் போட்ட ஆட்டம்! முன்பின் தெரியாத தபால்காரர் ஒருவரை நான் தூக்கிச் சுற்றினேன். மாப்பிள்ளை ஓடிப்போய் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். “பாத்தியா? நான் வந்ததும் ஜெயிச்சிட்டே!”

“நீங்க வந்ததும் ஒரு பாயிண்ட் போச்சுங்க” என்றாள் அவள். ஆனால் கையை விடவில்லை.

மறுநாள் குழாய்க் கிடங்கில் இந்தக் கதை எப்படி ஓடியது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதில் கதாநாயகன் ஓடுகிறான், ஓடுகிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான். வண்டியும் இல்லை, மின்கம்பமும் இல்லை. நாலு மாதப் பயிற்சி? அந்த இடத்தில் எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்களாம்.

இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு மட்டும் ஒரு சங்கடம். “இன்னும் இருபது நிமிஷம்தான்” என்று அன்றைக்குச் சோபாவிலிருந்து குரல் கொடுத்தது மாப்பிள்ளை இல்லை. நான்தான்.

அது போகட்டும். இதைப் படிக்க ஆரம்பித்தபோது, உங்கள் வீட்டில் யாரோ வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “கிளம்பலாமா?” என்று கேட்டார்களே, “இதோ, இதை முடிச்சிட்டு வந்துடறேன்” என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னீர்களே.

முடிந்துவிட்டது. எழுந்திருங்கள்.