பெய்ரூட் கடற்கரையில் நான் காத்த நாட்டு நலன்

அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருக்கும் அன்புள்ள ஓப்பல் அக்காவுக்கு, அயோவா பனியில் இதுவரை வழுக்கி விழாத தம்பி மெர்ல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம், முழங்கால் நலமில்லை. எனக்கு எழுதப் படிக்க வராதென்பது உனக்குத் தெரிந்ததே. நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். யாரென்று கீழே வரும்.

"உனக்கு ஞாபகம் போச்சுடா, தனியா கிடக்காதே, என்கூட வந்துடு" என்று போனில் அழுதாய். படைவீரர் மன்றத்தில் ஒழுங்காகப் பேசிக் காட்டினால் விட்டுவிடுவதாகவும் சொன்னாய். சனிக்கிழமை பேசினேன் அக்கா. வெளிநாடுகளில் நம் நாட்டு நலனை நம் அரசு எப்படிக் காத்தது என்பது தலைப்பு; கொடுத்தவன் மன்றத் தலைவன் வெண்டல். நான் நடந்ததைச் சொன்னேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் கப்பலில் லெப்டினன்ட், "லெபனான்ல நம்ம நலன் ஆபத்துல இருக்கு, காப்பாத்தணும்" என்றார். "அது எப்படி சார் இருக்கும்? பாத்தா அடையாளம் தெரியணுமே?" என்று கேட்டேன், கழிவறை கழுவ அனுப்பிவிட்டார். மறுநாள் துப்பாக்கியும் மூட்டையுமாகக் கடலில் குதித்து, கத்திக்கொண்டே கரையேறினால், அங்கே குளியல் உடுப்பில் குடும்பம் குடும்பமாக வெயில் காய்கிறார்கள். "படுங்கடா!" என்று சார்ஜென்ட் அலற, மணலில் குப்புறப் படுத்தோம். அவர்கள் ஏற்கெனவே படுத்திருந்தார்கள். ஒருவன் சோடா விற்றுக்கொண்டு வந்தான், சார்ஜென்ட்டே வாங்கிக் குடித்தார். அன்று அந்தக் கரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை, அதைவிடப் பெரிய நலன் எதைக் காத்தோம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்று முடித்தேன்.

மன்றம் சிரித்தது அக்கா, பாவம் பார்க்கிற சிரிப்பு. வெண்டல் என் தோளைத் தட்டி, "மெர்லு, அது நீ சம்சாரத்தோட ஃபுளோரிடா போனதுய்யா, உட்காரு" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டான். சரி, இனி அரிசோனாவில் உன் வீடுதான் கதி என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பின்னால் ரொட்டித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்கார நத்ரா, "யோவ் தலைவரே, அவர் சொன்னது அத்தனையும் நிஜம்! அது எங்க ஊரு பீச், அன்னைக்கு நான் அங்க இருந்தேன், சின்னப் புள்ளையா. நான் கட்டின மணல் வீட்டை ஒரு ஒட்டடைக்குச்சி சோல்ஜர் மிதிச்சுட்டுப் போனான்!" என்றாள். நான் எழுந்து, "வீடு இல்லம்மா, கோட்டை. சுத்தி அகழி வெட்டியிருந்துச்சு. என் பூட்ஸுக்குள்ள தண்ணி போயிடுச்சு" என்றேன்.

"அட பாவி, நீதானா அது?" என்றாள்.

அவளேதான் இதை எழுதுகிறாள். சோடா இல்லை, எலுமிச்சைச் சாறு என்று நடுவில் சண்டை வேறு. ஆனாலும் அக்கா, நீ அழுதது மனசைப் பிசைகிறது. ஞாபகம் இருந்தாலும் தனிமை தனிமைதானே. பெட்டி கட்டியாயிற்று, வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அத்தானுக்கு என் வணக்கம். கர்த்தர் உன்னையும் உன் இடுப்பெலும்பையும் காப்பாராக.

இப்படிக்கு,
தம்பி மெர்ல்

பி.கு.: அம்மா, எழுதுகிற நத்ரா நான். வெள்ளிக்கிழமை பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டாம். "போறேன், போறேன்" என்று சொல்லிக்கொண்டே என் முகத்தைப் பார்க்கிறார் மனிதர். நான் "போகாதே" என்று சொல்ல வேண்டுமாம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் உங்களிடம் சொல்கிறேன்: அனுப்ப மாட்டேன். இதற்கும் கீழே கையெழுத்துக் கேட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்காமல் போட்டுவிட்டார். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

மெர்ல்